யமுனையைத் தாண்டிய தபால் பை

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களுடன் கிளம்பி, யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். ஏறத்தாழ 10 கிலோமீட்டர், 13 நிமிடம். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். எதிரே இன்னொரு விமானம் வருமோ என்று அஞ்ச வேண்டியிராத வானம் அது. இன்று ட்ரோனில் பார்சல் அனுப்புவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அந்த வெற்று வானத்தையே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், எத்தனை கிலோ தூக்கும் என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. ஆனால் ஆகாயத் தபாலின் வரலாற்றில் கருவி ஒருபோதும் தாமதமாக வந்ததில்லை. வானத்துக்கான ஒழுங்குதான் தாமதமாக வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலை உயிர்களாகவே கொடுக்கப்பட்டது.

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 1918 மே 15 அன்று அதிபர் வில்சன் பார்த்திருக்க, வாஷிங்டனிலிருந்து தபாலோடு வடக்கே போக வேண்டிய விமானி ஜார்ஜ் பாயில், வழிதவறித் தென்கிழக்கே போய் மேரிலாந்தில் ஒரு வயலில் இறங்கினார். தண்டவாளத்தையும் ஆற்றையும் கண்ணால் பார்த்து வழி கண்டுபிடித்த காலம் அது. 1921இல் முதன்முறையாக இரவில் தபால் பறந்தபோது, வழி தெரிவதற்காகத் தரையில் தீ மூட்டி வைத்தார்கள். பிறகு கண்டத்தின் குறுக்கே வரிசையாக விளக்குக் கோபுரங்கள் எழுந்தன. தபால் துறையே விமானங்களை இயக்கிய பத்தாண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட விமானிகள் இறந்துபோனார்கள். விமானத்துக்கும் விமானிக்கும் உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1926இல்தான் வந்தது. விதிகள் கடுமையானால் தொழில் நசிந்துவிடும் என்று இன்று ட்ரோன் நிறுவனங்கள் சார்பில் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் விமானத் தொழில் செய்தவர்களே முன்னால் நின்றார்கள். நம்பிக்கை வந்த பிறகுதான் பயணிகளும் வந்தார்கள்.

விளக்கும் உரிமமும் மட்டும் போதவில்லை. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு பயணி விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். அந்த வான்பகுதியில் எதிரே வருவதை விமானியே கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. கண்ணுள்ள மனிதர்களுக்கே அது போதவில்லை. இரண்டாண்டில் புதிய சட்டமும், வான் போக்குவரத்துக்கென்றே தனி அமைப்பும் வந்தன. தொலைவிலிருந்து இயக்கப்படும் ட்ரோனுக்குள் விமானியின் கண் இல்லை. 400 அடிக்குக் கீழேதானே பறக்கிறது, விமானத்துக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரும் மருந்து தெளிக்கும் விமானமும் அந்த உயரத்துக்கு இறங்கத்தான் செய்கின்றன. அதற்கும் கீழே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வட கரோலினாவில் ஒரு கோழிப்பண்ணைக்கு மேலே வெறும் 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் பறந்து, மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. அந்த வழக்கில் 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிலத்தை ஒட்டிய வானத்தில் நிலத்துக்காரருக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பார்சலை இறக்க வரும் ட்ரோன் பறப்பது சரியாக அந்த வானத்தில்தான்.

ஆரம்பத்தில் விமானத் தபாலையும் உதவாத வேலை என்றார்களே, ட்ரோனும் அப்படித் தேறிவிடாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் விமானம் ஒரே பறப்பில் ஆயிரக்கணக்கான கடிதங்களைச் சுமந்து, நாள்கணக்கான பயணத்தை மணிக்கணக்காகச் சுருக்கியது. வீட்டு வாசலுக்கு அது வரவே இல்லை. அந்த வேலை தபால்காரரிடமே இருந்தது. ட்ரோனோ சில கிலோ பொருளை ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய் வெறுங்கையோடு திரும்புகிறது. பைக்கில் போகும் டெலிவரி ஊழியர் ஒரே சுற்றில் பல வீடுகளை முடித்துவிடுகிறார். நான்கைந்து ஆண்டுகளில் ட்ரோனில் அரைமணி நேரத்தில் பார்சல் வரும் என்று 2013இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் சொன்னார். அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. மாறாக, 2016 அக்டோபரில் ருவாண்டா மலைநாட்டில் ஜிப்லைன் நிறுவனம் ரத்தப் பைகளை ட்ரோனில் அனுப்பத் தொடங்கியது. அரசின் விமானப் போக்குவரத்து அதிகாரிகளோடு சேர்ந்து பாதைகளை வகுத்துக்கொண்டு, மருத்துவமனை வளாகத்தில் பாராசூட்டில் பொட்டலத்தை இறக்கியது. மருத்துவமனைகளில் காலாவதியாகி வீணான ரத்தம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மலைச்சாலை நீளமானது, ரத்தம் கெட்டுப்போகக்கூடியது, இறங்கும் இடமோ நிச்சயமானது. ட்ரோனுக்கு உரிய வேலை இதுதான்.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்தன. அந்த ஆண்டே அக்டோபரில் மணிப்பூரின் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியின் காராங் தீவுக்கு ட்ரோனில் தடுப்பூசி போனது. தரைவழியே 26 கிலோமீட்டர், வான்வழியே 15. பெக்கே கடந்ததும் ஓர் ஆற்றைத்தான். நம் வானத்தை முதலில் திறந்துவிட வேண்டியது காராங் போன்ற ஊர்களுக்கு. மின்கம்பிகளும் மொட்டைமாடிகளும் நெருங்கிக் கிடக்கும் சென்னைத் தெருக்களின் பார்சல்கள் காத்திருக்கலாம்.