ஒப்புரவு: செங்கல்பட்டு வட்டாரக் கிறித்தவ மரபில்

ஒப்புரவு என்பது பகைத்தவர்கள் ஒருவரையொருவர் மன்னித்து மீண்டும் உறவாவதைக் குறிக்கும் கிறித்தவப் போதனை. காணிக்கையோடு வந்தவர், சகோதரருக்குத் தம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், அதைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும் என்கிறது மத்தேயு நற்செய்தி (5:23–24). தமிழ்நாட்டில் இப்போதனைக்குச் சோதனையாக நின்றது சாதி.

ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். பின்னர் செங்கல்பட்டு, காஞ்சிபுரத்தில் கிளைகள் எழுந்தன. 1838இல் சென்னைப் பள்ளியில் பறையர் சிறுவர்கள் படிப்பது தெரியவந்தது. அவர்களை நீக்க வேண்டும், இல்லையேல் தனி பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்றனர் உயர்சாதி மாணவர்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் இசையவில்லை. பலர் வெளியேறினர், பள்ளி நிலைத்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்து 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது இப்பள்ளியே.

சபைக்குள்ளும் வழக்கு மூண்டது. சாதியை விட்டே தீரவேண்டும் என்று ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுமடல் விடுத்தார். கிறித்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் சாதி வெறும் உலக வழக்கம் என்று வாதாடினர். லைப்சிக் லுத்தரன் மிஷனும் சாதி வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்தது. அது தவறான இணக்கம். 1850இல் கூடிய சென்னை மிஷனரி மாநாடு, எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்டு சாதியை முறித்ததாகக் காட்டாதவர் ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் தகுதியற்றவர் எனத் தீர்மானித்தது. சில மிஷன்கள் இதற்கென்றே அன்பின் விருந்து வைத்தன. யார் கை வைத்த சோறு என்பது தெரிந்தே இலையில் உட்கார வேண்டும். எழுந்துபோனவர் எவரென்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆனாலும் இத்தீர்மானம் சாதியை விடச் சொன்னதே தவிர, இழிவுபட்டவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

பறித்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்று நற்செய்தியில் சொன்ன சகேயுவின் ஒப்புரவு வழி, இங்கே நிலத்தில்தான் பொருள்படும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹியர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையை அடுத்து, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். செங்கல்பட்டு மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ இந்த மக்களுக்காகத் தொடர்ந்து வாதாடி, மெல்ரோசாபுரம் குடியிருப்பை அமைத்தார். பின்னாளில் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்க மாமல்லபுரம் அருகே காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர்.

கத்தோலிக்கச் செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் உருவானது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அரசின் பக்கத்தில், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் பட்டியல் சாதித் தகுதி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. தலித் கிறித்தவருக்கு விரியவில்லை.