முன்னறையில் பிறந்தது

1935ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லிங்கன் நகரம். திருப்பணிக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இளம் பாதிரியார், தன் வாழ்வின் முதல் சவ அடக்கத்தை நடத்தி வைத்தார். இறந்தவள் 14 வயதுச் சிறுமி. முதன்முதலாக உதிரம் கண்டபோது, தனக்கு ஏதோ பால்வினை நோய் வந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. வெட்கமும் பயமும் சேர்ந்துகொள்ள, உயிரை மாய்த்துக்கொண்டாள்.

அந்தப் பாதிரியாரின் பெயர் சாட் வாரா. எந்தப் பெண்ணுக்கும் வருவதுதான் இது என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பாள். அது அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை. வெட்கத்தால் மனிதர்கள் வாய்மூடிக் கிடக்கும் விஷயங்களைப் பேசுவதையே தன் கடமையாக்கிக்கொண்டார். இளைஞர்களுக்குப் பாலியல் பாடம் சொல்லிக் கொடுத்தார். மணமாகப்போகிறவர்களுக்கும் மணவாழ்வில் சிக்கித் தவித்தவர்களுக்கும் ஆலோசனை சொன்னார். அந்தக் காலத்தில் பாதிரியார் ஒருவர் வாய்விட்டுச் சொல்லவே கூசுகிற சங்கதிகள் இவை.

1952இல் ‘பிக்சர் போஸ்ட்’ இதழில் இவற்றைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. பல கடிதங்கள் தாம்பத்தியச் சிக்கல்களையும் பாலியல் குழப்பங்களையும் சொல்லின. ஆனால் சிலவற்றின் வரிகளுக்கிடையே, எழுதியவர் வாழ்வதா வேண்டாமா என்ற விளிம்பில் நிற்பது தெரிந்தது. அப்போது பெருநகர லண்டனில் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். கடிதம் எழுதி, அது போய்ச் சேர்ந்து, பதில் வரும்வரை அந்த விளிம்பில் ஒருவர் எப்படிக் காத்திருப்பார்?

வீடு பற்றி எரிந்தால் 999ஐச் சுழற்றலாம். திருடன் வந்தாலும் யாராவது மயங்கி விழுந்தாலும் அதே எண்தான். 1937 முதல் லண்டன்வாசிகளுக்குப் பழகிப்போன ஏற்பாடு அது. மனம் பற்றி எரிகிறவருக்கு மட்டும் எண் ஏதும் இல்லை. அப்படி ஒன்று இருந்தால் என்ன என்று யோசித்தார் வாரா. ஆனால் அவர் அப்போது கிளாப்பம் ஜங்ஷனில் பெரிய திருச்சபை ஒன்றின் பொறுப்பில் இருந்தார். போதாக்குறைக்கு, வருமானத்துக்காகச் சிறுவர் சித்திரக்கதை இதழ்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு விடவே நேரமில்லை.

அந்த நேரத்தில்தான் லண்டன் நகரின் நடுவே, இங்கிலாந்து வங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தின் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. கிறிஸ்டோபர் ரென் கட்டிய பழம்பெரும் ஆலயம். வங்கிகளும் அலுவலகங்களும் சூழ்ந்த பகுதி என்பதால் குடியிருப்போர் மிகக் குறைவு. போர்க்காலக் குண்டுவீச்சில் ஆலயமும் சேதப்பட்டிருந்தது. சபை மக்கள் இல்லாத ஆலயம் வேறு யாருக்காவது அலுப்பாக இருந்திருக்கலாம். வாராவுக்கோ அவர் தேடிக்கொண்டிருந்த நேரமும் இடமும் ஒன்றாகக் கிடைத்துவிட்டன.

எளிதில் நினைவில் நிற்கும் எண் வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். பக்கத்தில் லண்டன் லார்டு மேயரின் மாளிகையான மேன்ஷன் ஹவுஸ் இருந்ததால், அந்த வட்டாரத் தொலைபேசி எண்கள் எல்லாம் ‘மேன்’ (MAN) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். 999ஐ ஒட்டினாற்போல ‘மேன் 9000’ கிடைத்தால் பிரமாதம் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தார். ஆலயத்தில் கிடந்த பழைய தொலைபேசியைத் தேடி எடுத்துத் தூசியைத் துடைத்துப் பார்த்தார். அதன் எண்ணே மேன் 9000!

1953 நவம்பர் 2ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது. வாராவும் அவருடைய செயலர் விவியன் பிராசரும்தான் மொத்தப் படையும். டிசம்பரில் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் இவர்களைத் தொலைபேசி வழி உதவும் ‘நல்ல சமாரியர்கள்’ என்று வர்ணித்தது. வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனை எடுத்துக் காப்பாற்றிய சமாரியனின் கதை விவிலியத்தில் வருகிறது. பத்திரிகை வைத்த அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் வாரா ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். வருகிறவரிடம் மதப்பிரசாரம் கூடவே கூடாது. துயரத்தில் இருப்பவரை நம் பக்கம் இழுத்துப்போடும் சந்தர்ப்பமாக அந்தப் பேச்சு ஆகிவிடக் கூடாது.

இதுவரை நடந்தது ஒரு நிபுணரின் கதைதான். அனுபவம் வாய்ந்த ஆலோசகர் ஒருவர், ஒரு தொலைபேசி, உதவி கேட்டு வரும் மக்கள். கதை திரும்பிய இடம் முன்னறை.

செய்தி பரவியதும் தொலைபேசியில் கூப்பிட்டதோடு பலர் நேரிலும் வரத் தொடங்கினார்கள். வாரா ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்ததால் மற்றவர்கள் முன்னறையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், நாங்களும் ஏதாவது செய்கிறோம் என்று சாதாரண மனிதர்கள் முன்வந்தார்கள். பயிற்சியும் இல்லாத, பட்டமும் இல்லாத இவர்களை என்ன செய்வது? காத்திருப்பவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருங்கள் என்றார் வாரா.

சில வாரங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். தங்கள் முறை வந்து அழைத்தபோது பலர் உள்ளே வரவில்லை. இப்போது பரவாயில்லை, இனி உங்களைப் பார்க்க வேண்டியதில்லை என்று நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். வந்தபோது இருந்த முகம் போகும்போது இல்லை. உள்ளறையில் நிபுணர் தரவிருந்ததை, முன்னறையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர் முன்பே தந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் சாட் வாரா மீது எனக்கு அளவில்லாத மரியாதை உண்டாகிறது. தொழில் தெரிந்த ஒருவருக்கு இது உறுத்தியிருக்கலாம். பயிற்சி இல்லாதவர்கள் விபரீதம் செய்துவிடுவார்கள் என்று சொல்லி அவர்களை வெளியேற்றியிருக்கலாம். அவரோ கண்ணால் கண்டதை நம்பினார். 1954 பிப்ரவரி 2ஆம் தேதி, அழைப்பவர்களோடு பேசும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே முறைப்படி ஒப்படைத்தார். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும், பயிற்சி தருவதும், அவர்களுக்குப் பின்பலமாக நிற்பதும் தன் வேலை என்று ஒதுங்கிக்கொண்டார். வருகிறவர்களில் சிலருக்கு மனநல மருத்துவர் தேவை, சிலருக்கு முறையான ஆலோசனை தேவை, பெரும்பாலோருக்குக் காது கொடுத்துக் கேட்கும் ஒரு துணை போதும் என்பது அவர் கண்ட தெளிவு.

முன்னறையில் அப்படி என்னதான் நடந்தது? நம் வீடுகளில் நடப்பதோடு ஒப்பிட்டால் புரியும். ஒருவர் வாய் திறந்து, “மனசே சரியில்லை” என்கிறார். “உனக்கென்ன குறைச்சல்?” என்று ஒரு பதில் வரும். “நாங்க படாத கஷ்டமா?” என்று இன்னொன்று. “கோயிலுக்குப் போயிட்டு வா, எல்லாம் சரியாப் போயிடும்” என்று மூன்றாவது. சொல்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. ஆனால் இம்மூன்றும் பேச்சை முடித்துவைக்கும் பதில்கள். பேச வந்தவர் “ஒண்ணுமில்லை, விடு” என்று எழுந்து போய்விடுவார்.

முன்னறையில் தொடங்கிய வழியில் பயிற்சி பெற்ற தன்னார்வலர் அறிவுரை சொல்வதில்லை. குற்றம் பார்ப்பதில்லை. மௌனம் வந்தால் அதை அவசரமாக நிரப்புவதில்லை. அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக் காத்திருப்பார். கேட்டது எதுவும் வெளியே போகாது என்ற உறுதி தருவார். தேவைப்படும்போது, “தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகவே கேட்பார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அந்தப் பயம் தேவையில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. தனியாகச் சுமந்துகொண்டிருந்த எண்ணத்தை ஒருவரிடம் சொல்ல முடிந்ததே பலருக்குப் பாரத்தைக் குறைக்கிறது.

அன்றைய இங்கிலாந்தில் இப்படிப் பேசுவது சட்டத்தின் விளிம்பில் நடப்பதாகவும் இருந்தது. தற்கொலைக்கு முயல்வது அங்கே குற்றம். 1961இல்தான் அந்த நிலை மாறியது. இந்தியாவில் அது இன்னும் நெடுங்காலம் நீடித்தது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னது. சிகிச்சையும் ஆதரவும் தர வேண்டியவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால், அடுத்தவர் எப்படி வாய் திறப்பார்?

வால்புரூக்கில் முளைத்தது கடல் தாண்டியது. கொழும்பில் 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் ‘சுமித்ரயோ’வைத் தொடங்கினார். சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘ஸ்நேகா’வைத் தொடங்கினார். அவரும் நிபுணர்தான். அவரும் சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தார்.

கேட்பது என்பது வெறும் ஆறுதல் வேலை அல்ல என்பதைச் சென்னை காட்டியது. தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் பிள்ளைகளின் தவிப்பு பெருகும். ஒரு பாடத்தில் கோட்டைவிட்டால் ஒரு வருடமே போயிற்று என்பதுதான் அவர்களை நொறுக்கியது. அப்படியானால் அந்த ஒரு வருடத்தை ஏன் இழக்க வேண்டும்? தவறிய பாடத்தை உடனே மறுபடி எழுத வாய்ப்புக் கொடுங்கள் என்று ஸ்நேகா வலியுறுத்தியது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. தேறினால் அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம். ஆறுதல் சொல்வதோடு நில்லாமல், கேட்டதை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகளை நெருக்கிய விதியையே மாற்றச் செய்தார்கள்.

இன்று அரசே இந்தச் சேவையை நடத்துகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. உங்கள் கைபேசியில் இவற்றை இப்போதே பதிந்துவையுங்கள். உங்களுக்குத் தேவைப்படலாம், உங்களைச் சேர்ந்த ஒருவருக்குத் தேவைப்படலாம். அழைப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

ஆனால் எண் மட்டும் போதாது. நம் வீட்டில் ஒருவர் தொலைபேசியை எடுக்கும் அளவுக்குத் தனித்துப் போகும்முன் நாம் அவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தூங்காமல் புரளும் மகன், சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் மருமகள், ஓய்வு பெற்றபின் பேச்சே குறைந்துபோன அப்பா. இவர்களிடம் தீர்வோடு போக வேண்டியதில்லை. “என்ன ஆச்சு, சொல்லு” என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். வந்த பதில் உங்களால் தாங்க முடியாததாக இருந்தால், மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். லண்டன் முன்னறையில் தேநீர் கொடுத்தவர்களுக்கும் இதைவிட அதிகம் தெரிந்திருக்கவில்லை. தெரிந்ததை அவர்கள் செய்தார்கள், மனிதர்கள் பிழைத்தார்கள். நம்மாலும் முடியும்.