பொன் அரித்தவரும் பொன்னிலம் விற்றவரும்: தென்கிழக்கு வயநாட்டில் பொன் உரிமைகளின் விற்பனை (1874–1901)

மேற்குத் தொடர்ச்சி மலையின் காபி நிலங்களை அவற்றின் விளைச்சலைக் கொண்டு மதிப்பிடுவதே வழக்கம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி வட்டாரத்து நிலங்களுக்கு இன்றும் அதுவே அளவுகோல். ஆயின் 1879 முதல் 1881 வரையிலான காலத்தில் நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் நோயுற்று நலிந்த காபித் தோட்டங்கள் பொன்னிலங்களாக இலண்டன் நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. அவ்விற்பனையில் கைமாறிய உரிமை யாது, அது யாரிடம் இருந்தது, நிலத்தின் மதிப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டது எது ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. வயநாட்டுப் பொன்வேட்டையை வெறும் பங்குச் சந்தைக் கூத்தாகக் காணும் பார்வையில் இவ்வினாக்களுக்கு இடமில்லாமற் போகிறது.

நம்பாலக்கோடு, சேரங்கோடு, மூனநாடு ஆகிய அம்சங்கள் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877ஆம் ஆண்டு வரை மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கும், மலையடிவாரத்து நிலம்பூர் ஆற்றுப்படுகைகளிலும் வண்டற்பொன் நெடுங்காலமாக அரிக்கப்பட்டு வந்தது. பணியரும் குறும்பரும் ஓடைமணலையும் மலைச்சரிவு மண்ணையும் மரத்தட்டில் இட்டு நீரில் சுழற்றி, இலேசான மண்ணை வழியவிட்டு, அடியில் தங்கும் துகளைச் சேர்த்தனர். வெண்கற்படிவைத் தோண்டி உடைத்து, கற்குழிகளில் இடித்துக் கழுவிய தடங்களும் உள. தொழில்நுட்பம் எளியது; ஆனால் எந்த ஓடை வளைவில், எந்த நிற மண்ணில் பொன் தங்கும் என்னும் அறிவு எளியதன்று.

அவ்வறிவு உரிமையாக மாறவில்லை என்பதே இவ்வரலாற்றின் மையமாகும். 1800–1801இல் மலபாரில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், நிலம்பூர் ஆற்றின் பொன்துகளைச் சேகரிக்கும் தனியுரிமை ஒரு நாயரிடம் இருந்ததையும், அதற்காக அவர் சிறு தொகை செலுத்தியதையும் பதிவு செய்துள்ளார். ஆற்றில் இறங்கியவர் ஒருவர், உரிமை பெற்றவர் மற்றொருவர். நம்பாலக்கோட்டுப் பகுதியின் ஜன்ம உரிமை நிலம்பூர்க் கோவிலகத்திடம் இருந்தது. பணியரோ நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைக் குடிகளாக நடத்தப்பட்டவர்கள். 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்ற ஏற்பை மறுத்த பின்னரும், வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆண்டுக் கூலிக்கு அவர்களைப் பேசி முடிக்கும் வழக்கம் நீடித்தது.

இதே காலத்தில் ஆசுத்திரேலியாவின் விக்டோரியாவில் நிலவிய முறையோடு இதனை ஒப்பிடுதல் தகும். அங்கு 1855 முதல் ஆண்டுக்கு ஒரு பவுண்டு செலுத்திய எவரும் சுரங்கத் தொழிலாளர் உரிமைச் சீட்டைப் பெற்று, ஒரு துண்டு நிலத்தில் தோண்டலாம். அந்தப் பாத்தியதையை விற்கவும் செய்யலாம். தோண்டுபவரே உரிமையாளர் ஆக முடிந்தது. வயநாட்டில் அத்தகைய பாத்தியதை இருக்கவில்லை. ஜன்மியிடமிருந்து தோட்டக்காரருக்கும், தோட்டக்காரரிடமிருந்து நிறுவனத்திற்கும் உரிமை நகர்ந்தது. இச்சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் பொன் அரித்தவர் இல்லை.

அரசு இப்பொன்னை முன்னரே சோதித்திருந்தது. 1831இல் லெப்டினன்ட் நிக்கல்சன் இதற்கென அனுப்பப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. மீண்டும் பேச்சு எழக் காரணம் காபியின் வீழ்ச்சியே. 1860களின் நடுப்பகுதி முதல் தண்டுத் துளைப்பானும், அடுத்த பத்தாண்டில் இலைத்துரு நோயும் வயநாட்டுத் தோட்டங்களை அழித்தன. கடனில் மூழ்கிய தோட்டக்காரர்களுக்குத் தம் நிலத்தில் கிடந்த பழங்குழிகள் புதிதாகத் தென்பட்டன. 1874இல் ஆல்பா நிறுவனம் தேவாலாவில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் தம் அறிக்கையை வெளியிட்டார். 1879இல் விக்டோரியாவின் முன்னாள் சுரங்கத்துறைச் செயலர் ராபர்ட் பிரஃப் ஸ்மித் அரசால் அமர்த்தப்பட்டு, 1880இல் அறிக்கை அளித்தார். அவர் ஊக்கமளிக்கும் தொனியில் எழுதியது சந்தைக்குப் போதுமானதாயிற்று.

1881 முடிவதற்குள் வயநாட்டுக்கென மட்டும் 33 நிறுவனங்கள், 40 இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட பெயரளவு முதலுடன் இலண்டனில் பதிவாயின. இந்தியன் கிளன்ராக், தேவாலா–மோயாறு முதலியன அவற்றுட் சில. பந்தலூரில் அஞ்சலகமும் குதிரைப் பந்தயத் திடலும் எழுந்தன. ஆயின் திரட்டிய முதலின் பெரும்பகுதி நிலத்தின் விலையாகத் தோட்டக்காரர்களுக்கும் இடைத்தரகர்களுக்கும் சென்றது. சுரங்கம் தோண்ட எஞ்சியது சிறிது. அதிலும் ஒரு பங்கு, படிவின் தரம் உறுதிப்படும் முன்பே வாங்கப்பட்ட நசுக்கு எந்திரங்களில் முடங்கியது. காபி தராத நிலத்திற்குக் காபி தந்த காலத்தினும் கூடுதல் விலை கிடைத்ததால், இந்தப் பொன்வேட்டையில் உறுதியாகப் பொன் கண்டவர்கள் தோட்டக்காரர்களே எனலாம்.

பழங்குழிகளையும் பணியரின் மரத்தட்டில் மின்னிய துகளையும் வாங்குவோர் சான்றாக ஏற்றதில்தான் பிழை இருந்தது. மழையும் வெயிலும் பல்லாயிரம் ஆண்டுகள் பாறையைச் சிதைத்து, இலேசான பொருள்களைக் கழுவி அகற்றி, பொன்னை மேல்மண்ணிலும் ஓடையிலும் செறியச் செய்கின்றன. ஆகவே வண்டலின் வளம் அடியிலுள்ள பாறையின் வளத்திற்கு அளவாகாது. மேற்படிவின் நல்ல பகுதியை முன்னோர் எடுத்துவிட்டனர் என்பதற்கே பழங்குழி முதற்சான்று. ஆழத்திலோ கந்தகக் கனிமங்களில் பொதிந்த பொன் பாதரசத்தில் எளிதாகச் சேர்வதில்லை. சயனைடு முறை 1887இல்தான் கண்டறியப்பட்டது. மேலும், பணியரின் உழைப்புக்கு ஏறத்தாழக் கூலியே இல்லாத நிலையில் ஆதாயம் தந்த மண், நீராவி எந்திரமும் ஐரோப்பிய மேலாளரும் வந்தபின் அதே ஆதாயத்தைத் தர இயலாது. இக்கணக்கை எந்த நிறுவனமும் போட்டுப் பார்த்ததாகத் தோன்றவில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலான நிறுவனங்கள் மூடப்பட்டன. ஹேடன், ஹாட்ச் ஆகியோரின் 1901ஆம் ஆண்டு ஆய்வு, இப்பகுதி முதலீட்டுக்கு உரியதன்று என்னும் முடிவை உறுதிசெய்தது.

இதற்கு மறுப்பாகக் கோலாரைக் காட்டலாம். அங்கும் 1802இல் ஜான் வாரன், ஊர் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்ததைக் கண்டே எழுதினார்; அங்கும் பழங்குழிகள் இருந்தன. 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்ற மைக்கேல் லாவெல், அதைப் பெரஸ்ஃபோர்டு தலைமையிலான குழுவுக்கு மாற்றிக் கொடுத்தார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் நுழைந்தது. முதலீடு கரைந்து, கைவிடும் நிலையில் மேலும் ஆழம் தோண்டியபோதுதான் சாம்பியன் படிவு வெளிப்பட்டது. சான்று இரு இடத்தும் ஒன்றே. அதன் உண்மையைச் சோதிக்கும் பணம் கோலாரில் எஞ்சியிருந்தது. அரசிடம் பெற்ற உரிமத்திற்கும், தோட்டக்காரரிடம் கிரயம் பெற்ற நிலத்திற்கும் உள்ள வேறுபாடு இதில் பெரும் பங்கு வகித்தது என்பது கட்டுரையாளரின் கருத்து.

பொன் நிறுவனங்கள் அகன்ற நிலங்களில் பின்னர்த் தேயிலை பரவியது; கிளன்ராக் என்னும் பெயர் இன்றும் ஒரு தோட்டத்திற்கு வழங்குகிறது. ஜன்ம உரிமையும் அதன் மேலெழுந்த குத்தகைகளும் தீரவில்லை. கூடலூர் ஜன்ம நிலங்களை இரயத்துவாரியாக மாற்றும் 1969ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்திற்குப் பின்னும் தோட்டக் குத்தகைகள் பற்றிய வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. தேவாலாவைச் சுற்றியுள்ள கைவிடப்பட்ட சுரங்கங்களில் இன்றும் சிலர் சட்டத்திற்குப் புறம்பாக இறங்கிக் கல்லை உடைத்துப் பாதரசத்தில் பொன் சேர்க்கின்றனர். மண் சரிந்து இறந்தோர் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. தோண்டுபவருக்கு அந்நிலத்தில் இப்போதும் எவ்வகை உரிமையும் இல்லை.