பவ்லோவா: ஒரு பெயரும் பல கைகளும்

மகளின் அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், அவளுடைய ஆசிரியையையும் சென்னையிலிருந்து வந்திருந்த பக்கவாத்தியக் கலைஞர்களையும் எங்கள் மெல்பேர்ண் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். சோறு கறி என் பொறுப்பு. கடைசி இனிப்பு தன் பொறுப்பு என்று மகள் சொல்லிவிட்டாள். முழுப் பவ்லோவாவாகச் செய்யாமல், உள்ளங்கை அளவில் சின்னச் சின்னக் கூடுகளாக மெராங் சுட்டுப் பெரிய மரப்பலகை ஒன்றில் அடுக்கினாள். அடித்த கிறீம் ஒரு கிண்ணத்தில். மாம்பழம், ஸ்ட்ரோபெரி, கிவி, கொடித்தோடை எல்லாம் தனித்தனியே. வருகிறவர்கள் விரும்பியதை எடுத்துத் தங்கள் கோப்பையில் தாங்களே அடுக்கிக்கொள்ளலாம்.

எனக்கு அன்று வேறொரு வேலை பாக்கி இருந்தது. அரங்கேற்ற மலரில் பரதநாட்டியத்தின் வரலாறு என்று ஒரு பந்தி போடுவார்கள் அல்லவா, அதை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. வீட்டில் கிடந்த பழைய மலர்கள் ஐந்தாறை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பந்திதான்: இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை, கோயிலில் வளர்ந்தது, இடையில் நலிந்தது, ருக்மிணி தேவி மீட்டெடுத்தார். அதையே நானும் பார்த்து எழுதியிருப்பேன். இனிப்புப் பலகையைப் பார்த்து ஆசிரியை கேட்ட ஒரு கேள்விதான் என்னைத் தடுத்தது.

"ஏன் பிள்ளை, சாப்பிடுற சாமானுக்கு ஒரு ஆட்டக்காரியின்ரை பேரை வைச்சவை?"

அந்த ஆட்டக்காரி அன்னா பவ்லோவா. 1881 இல் ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் பிறந்தவர். சாகும் அன்னமாகச் சில நிமிடங்கள் மட்டும் ஆடும் ஒரு நடனத்தால் உலகப் புகழ் பெற்றவர். 1926 இல் தன் குழுவோடு அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வந்தார். 1929 இல் அவுஸ்திரேலியாவுக்கு மறுபடியும் வந்தார். பெயர் பெற்ற கலைஞர்களின் பெயரைப் பண்டங்களுக்கு வைப்பது அக்காலத்து வழக்கம். எங்கள் மெல்பேர்ணைச் சேர்ந்த பாடகி நெல்லி மெல்பாவின் பெயரில்தான் 'பீச் மெல்பா' வந்தது.

பவ்லோவா என்ற பெயர் முதலில் ஒட்டியது மெராங்கில் அல்ல. 1927 இல் நியூசிலாந்தில் வெளிவந்த ஜெலட்டின் கம்பனியொன்றின் சமையல் புத்தகத்தில் அது பல நிறங்களில் அடுக்கடுக்காக உறையவைத்த ஒரு ஜெலி. அடுத்த ஆண்டு டனீடின் நகரில் அதே பெயர் கோப்பியும் வால்நட்டும் சேர்த்த சின்ன மெராங்குகளுக்கு வந்தது. 1929 இல் நியூசிலாந்துப் பண்ணைக் குடும்பங்கள் வாசிக்கும் ஒரு வெளியீட்டில் மெராங் கேக்காக அச்சேறியது. அவுஸ்திரேலியர்களோ, 1935 இல் பேர்த் நகரின் எஸ்பிளனேட் ஹோட்டலில் பேர்ட் சாக்ஸ என்ற சமையற்காரர்தான் அதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அவரோ பின்னாளில், ஒரு பெண்கள் சஞ்சிகையில் வந்த மெராங் கேக் குறிப்பைத்தான் திருத்திச் செய்ததாகச் சொன்னார்.

இந்த வழக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஒட்டாகோ பல்கலைக்கழக மானிடவியலாளர் ஹெலன் லீச். தேவாலய மகளிர் சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் நிதி திரட்டுவதற்காக அச்சிட்ட சமையல் புத்தகங்களையெல்லாம் தேடிச் சேர்த்து, 2008 இல் ஒரு நூலே எழுதினார். பவ்லோவா ஒருநாள் ஒருவர் மூளையில் உதித்த பண்டம் அல்ல, பல வீட்டுக் குசினிகளில் கொஞ்சம் கொஞ்சமாக உருவானது என்பதை அந்த நூலில் காணலாம். பின்னால் வந்த ஆய்வாளர்கள், கிறீமும் பழமும் வைத்த மெராங் கேக்குகள் ஜெர்மானியரிடமும் அமெரிக்காவிலும் அதற்கு முன்பே இருந்தன என்று காட்டினார்கள்.

மெராங்கின் கதையும் அப்படித்தான். அந்தச் சொல் 1692 இல் பிரெஞ்சுச் சமையற்காரர் மசியலோவின் புத்தகத்தில் அச்சானது. ஆனால் 1604 ஆம் ஆண்டுக்குரிய கையெழுத்துச் சமையல் புத்தகம் ஒன்றில், எலினோர் ஃபெட்டிபிளேஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் அடித்துச் சுடும் ஒரு வெள்ளை பிஸ்கட்டுக்குக் குறிப்பு வைத்திருக்கிறார். பண்டம் அடுப்படியில் முதலே இருந்தது. பெயர்தான் பிறகு வந்தது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, மகள் இடையில் புகுந்தாள். "அம்மா, கப்பல் கதையைச் சொல்லுங்கோ."

1928 இல் பவ்லோவா பம்பாயில் ஆடியபோது பார்க்கப் போனவர்களில் ஒருவர், மதுரையில் பிறந்த இருபத்து நான்கு வயது ருக்மிணி தேவி. பிறகு கணவர் அருண்டேலுடன் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, அதே கப்பலில் பவ்லோவாவும் பயணம் செய்தார். அங்கே நட்பு வளர்ந்தது. பவ்லோவா குழுவின் முன்னணி நடனக்காரர்களில் ஒருவரான கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று பவ்லோவா அவருக்குச் சொன்னதாக வரலாறு. 1931 ஜனவரியில் பவ்லோவா இறந்துவிட்டார். ருக்மிணி தேவி 1935 இல் அடையாறில் ஆடியதை அவர் காணவில்லை. மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் பிறந்தது.

நாங்கள் கிறிஸ்மஸுக்குக் கிறீம் பூசி வெட்டும் பண்டத்தின் பெயருக்கும், எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் தட்டுக்கழியின் தாளத்துக்கு ஆடும் நடனத்துக்கும் இடையில் ஒரே ஒரு கப்பல்தான். இது தெரிந்த நாளிலிருந்து அதைப் பெருமையாகச் சொல்லி வந்தேன். அன்று சொல்லும்போதுதான் ஒன்று உறுத்தியது. பவ்லோவாவைச் செய்தவர் பவ்லோவா அல்ல என்பதை விளக்க எனக்கு இவ்வளவு நேரம் பிடித்தது. பரதநாட்டியத்துக்கு மட்டும் ஒரே பெயரோடு ஏன் நிறுத்தப் பார்த்தேன்?

ருக்மிணி தேவி தேடிப் போன நடனம் காணாமற்போய்க் கிடக்கவில்லை. அது ஆட்களிடம் இருந்தது. மயிலாப்பூர்க் கோயிலின் தேவதாசி கௌரி அம்மாள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற நட்டுவனார் கற்றுக்கொடுத்தார். இசை வேளாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உடம்பில் வைத்துக் காத்த கலை அது. அந்தப் பெண்களைச் சமூகம் இழிவாகப் பேசிய காலத்தில்தான் அதே கலை புதிய மேடைகளுக்கு ஏறியது. 1947 இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. பொட்டுக்கட்டுவது நின்றது நல்லதே. ஆனால் கலையை ஏற்றுக்கொண்டவர்கள் அதைக் கொடுத்தவர்களை மலர்களிலிருந்து விட்டுவிட்டார்கள். அந்த மரபிலேயே வந்த பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் களையப் பார்த்ததை வெளிப்படையாக மறுத்துப் பேசினார். அவர் பெயரும் எங்கள் மலர்களில் அருமையாகத்தான் வரும்.

மேசையில் கூடுகள் குறைந்துகொண்டிருந்தன. மிருதங்கக்காரர் மட்டும் கையை வைக்கவில்லை.

"முட்டை போட்டிருப்பீங்களேம்மா?"

"இந்தப் பக்கம் இருக்கிறது முட்டை இல்லை மாமா. கடலை அவிச்ச தண்ணி."

அவர் நம்பவில்லை. கடலைத் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கருவைப் போலவே நுரைக்கும் என்று 2014 இல் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டு உலகுக்குச் சொன்னார். உப்புப் போடாமல் அவித்த தண்ணீரைக் கொழுகொழுப்பாகும்வரை வற்றவைத்து, ஆறவிட்டுப் பத்து நிமிடமாவது அடிக்க வேண்டும். முட்டையானால் நாலு வெள்ளைக்கருவுக்கு 220 கிராம் சீனி. மஞ்சள் ஒரு துளியும் கலக்கக் கூடாது, அதிலுள்ள கொழுப்பு நுரையை எழும்ப விடாது. சீனியைக் கரண்டி கரண்டியாகப் போட வேண்டும். கடைசியில் ஒரு தேக்கரண்டி வினாகிரியும் இரண்டு தேக்கரண்டி சோளமாவும். இவை இரண்டும்தான் உள்ளே பஞ்சு போன்ற பதத்தைத் தருபவை. 120 பாகையில் ஒரு மணித்தியாலம் சுட்டு, அவணை நிறுத்தி, அதற்குள்ளேயே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் வெடித்துவிடும்.

வயலின்காரர் ஒரு கூட்டைக் கடித்துவிட்டுச் சிரித்தார். "இது எங்க ஊரு மக்ரூன் மாதிரில்ல இருக்கு!" அவர் தூத்துக்குடிக்காரர். அந்த ஊர் பேக்கரிகளில் வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுடும் மக்ரூனைப் போர்த்துக்கேயர் தந்தது என்பார்கள். கைமாறி வந்த இன்னொரு பண்டம்.

"உனக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?" என்று ஆசிரியை மகளிடம் கேட்டார்.

"அம்மா."

"உங்களுக்கு?"

நான் உள்ளே போய் என் பழைய கொப்பியை எடுத்து வந்தேன். 1989 இல் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டில் தனியே இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எனக்குச் செய்து காட்டியது அது. எனக்கு ஆங்கிலம் ஓடாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என் கையைப் பிடித்துக் கலவையை அடிக்கும் வேகத்தைக் காட்டித் தந்தார். கிண்ணத்தைத் தலைகீழாக என் தலைக்கு மேல் பிடித்து, நுரை விழவில்லை என்று சிரித்தார். நாங்கள் அவரை 'நேர்ஸ் அன்ரி' என்றே அழைத்தோம். கொப்பியில் 'பவ்லோவா' என்று மட்டும் தலைப்பு. சொல்லித் தந்தவரின் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டு வைக்கவுமில்லை. அவர் இறந்து இருபது வருடமாகிறது.

அன்றிரவு மலருக்கான பந்தியை எழுதினேன். கௌரி அம்மாள், மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாலசரஸ்வதி, ருக்மிணி தேவி நால்வரும் அதில் வந்தார்கள். தேவதாசி, இசை வேளாளர் என்ற சொற்களை மறைக்கவில்லை. ஆசிரியைக்கு அனுப்பிவிட்டுப் பயத்தோடு காத்திருந்தேன். மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தார்.

"இந்தச் சொல்லுகளை அரங்கேற்ற மலரிலை போடுறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சொல்லித் தந்தவையின்ரை பேர்தானே, ரீச்சர்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, தன் குருவுக்குக் கற்றுக்கொடுத்த நட்டுவனாரைப் பற்றிச் சொன்னார். அவர் பெயரைத் தன் சொந்த அரங்கேற்ற மலரிலும் போடவில்லையாம். அந்தப் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

"இன்னொண்டு. கௌரி அம்மாளின்ரை பேருக்கு முன்னாலை ஸ்ரீமதி எண்டு போடுங்கோ."

போட்டேன். என் கொப்பியிலும் பவ்லோவா என்ற தலைப்பின் கீழே, எனக்குத் தெரிந்த அளவில், 'நேர்ஸ் அன்ரி சொல்லித் தந்தது, 1989' என்று எழுதி வைத்தேன்.