ஒரு உடல், இரண்டு ஆன்மா

இன்னைக்கு மருத்துவம் இல்ல, கொஞ்சம் வரலாறு. ஆனா கடைசியில மருத்துவத்துலதான் வந்து நிப்போம்.

1/ "எனக்குள்ள வேற யாரோ இருக்காங்க டாக்டர்." இப்படி ஒருத்தர் வந்து சொன்னா நாங்க ஒரு மாதிரி யோசிப்போம். 400 வருஷத்துக்கு முன்னாடி யூத ஞானிகள் வேற மாதிரி யோசிச்சாங்க. அவங்க கேட்ட முதல் கேள்வி: வந்திருக்கிறது யாரு?

2/ 1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டை விட்டே துரத்தியது. சிதறியவர்களில் பலர் ஒட்டோமான் பேரரசுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அடுத்த தலைமுறைகளில் கலிலேயா மலைமேல் இருக்கும் சஃபேத் என்ற சின்ன ஊர், கபாலா எனும் யூத மறைஞானத்தின் தலைநகரம் ஆனது.

3/ 1570-இல் எகிப்திலிருந்து அங்கே வந்தவர் ஐசக் லூரியா. 1572-இல் கொள்ளைநோயில் இறந்துபோனார். வயசு 38தான். அவர் வாயால் சொன்னதைப் பெரும்பாலும் எழுதி வெச்சது சீடர் ஹயிம் விட்டல்.

4/ அவங்க நம்பிக்கைப்படி ஆன்மா திரும்பி வர இரண்டு வழி. பிறக்கும்போதே புது உடலோடு வந்தால் 'கில்குல்', அதாவது மறுபிறப்பு. ஏற்கெனவே வாழ்ந்துக்கிட்டு இருக்கிற ஒருத்தருக்குள்ள ஒரு நல்லவரின் ஆன்மா கொஞ்ச காலம் வந்து தங்கினால் 'இப்பூர்'. எபிரேயத்தில் அதுக்கு அர்த்தம் கர்ப்பம்!

5/ எதுக்கு வரணும்? தான் செய்யாமல் விட்ட ஒரு கடமையை முடிக்க. இல்லேன்னா, தடுமாறுகிற மனுஷனுக்குத் தோள் கொடுக்க. அதுக்காகவே லூரியாவின் சீடர்கள் பழைய ஞானிகளின் கல்லறைமேல் படுத்து தியானம் செஞ்சாங்க. ஊரை இழந்து வந்த சமூகத்துக்கு 'முன்னோர் நம்மளக் கைவிடல' என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

6/ ஆனா இதுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பாவம் செய்த ஆன்மா வந்து ஒட்டிக்கிட்டா? அதுக்குப் பின்னாளில் நிலைச்ச பேர் 'திப்புக்'. அதுக்கு வரவேற்பு கிடையாது. மந்திரம் சொல்லி விரட்டுவாங்க.

7/ 1609, டமாஸ்கஸ். ரஃபேல் அனாவ் என்பவரின் மகளுக்குள் ஒரு ஆன்மா பேசியது. வந்தது பிஸோ என்ற அறிஞர், நல்ல ஆன்மாதான்னு நம்பினாங்க. அது போன பிறகும் அந்தப் பெண் தரிசனங்களைச் சொன்னாள். ஊர்ப் பெரிய அறிஞர்களின் தவறுகளைக் கண்டிச்சாள். அவங்களும் காது கொடுத்துக் கேட்டாங்க! இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வெச்சதும் அதே விட்டல்தான்.

8/ யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு 'கெட்ட ஆவி'ன்னு முடிவு செஞ்சிருந்தா அவள் வாயை அடைச்சிருப்பாங்க. 'நல்ல ஆன்மா'ன்னு சொன்னதால பேச இடம் கிடைச்சது. இத்தனைக்கும் வரலாற்றில் அவள் இன்னும் 'அனாவின் மகள்'தான்.

9/ நான் ஆவியை நம்பச் சொல்லல. குரல் கேட்குது, உடம்பு தன் வசத்தில் இல்லேன்னு யாராவது சொன்னா மனநல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க, தாமதிக்காதீங்க. நான் சொல்ல வர்றது எங்களுக்கும் சேர்த்துத்தான். பேர் வைக்கிறது அவசியம். ஆனா பேர் வெச்சதும் கேட்கிறதை நிறுத்திடக் கூடாது. அந்த மனுஷர் இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கார்.