நோட்டுசுவர சாகித்தியம்

நோட்டுசுவர சாகித்தியம் என்பது, ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சமசுகிருதத்தில் சொல் அமைத்த சிறு பாடல்களைக் குறிக்கும். சுரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே 'நோட்டு' எனத் திரிந்தது. இசுக்கொட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் நடன மெட்டுகளும் நாட்டுப்புற மெட்டுகளும் இவற்றில் உள்ளன. இப்பாடல்கள் அழியாமல் நிலைத்ததில், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வடமேற்கே அமைந்த எட்டயபுரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

தோற்றம்

தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியுடன் தொடர்புடைய முதலியார் குடும்பத்தின் வழியாகப் புனித ஜார்ஜ் கோட்டையின் வாத்தியக் குழு இசையைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதருக்கும் அவருடைய தம்பியருக்கும் கிடைத்தது. இளைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கருநாடக இசையில் வயலின் இடம்பெற வழிவகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். பின்னர் எட்டயபுரம் அரசவை இசைக் கலைஞரானார்.

இசுக்கொட்லாந்து மெட்டுகள்

இசுக்கொட்லாந்தின் நாட்டுப்புற மெட்டுகள் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயர்ந்தே வாழ்ந்தவை. 17ஆம் நூற்றாண்டில் அவை லூட் என்னும் மீட்டு நரம்புக் கருவிக்காக எழுதி வைக்கப்பட்டன. 1627–29 காலத்து இசுட்ராலாக் ஏடும், 1700ஐ ஒட்டிய பால்காரசு ஏடும் இதற்குச் சான்றுகள். 18ஆம் நூற்றாண்டில் லூட் வழக்கொழிய, வயலின் அதன் இடத்தைப் பிடித்தது. 'ரீல்' என்னும் விரைவு நடன மெட்டுகள் வயலினில் வாசிக்கப்பட்டு, கம்பெனிப் படையினருடன் கடல் கடந்தன. 'லார்டு மெக்டொனால்டு ரீல்' என்னும் மெட்டே 'ஜகதீச குருகுக' என்ற பாடலாயிற்று. ஆடுவதற்கான மெட்டு இங்கு வழிபாட்டுப் பாடலாக மாறியது. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாடலின் மெட்டும் அவ்வாறே 'சந்ததம் பாஹிமாம்' என்று சியாமளா தேவியைப் போற்றுகிறது.

இசை அமைப்பு

இப்பாடல்கள் சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்தவை. அவை மேலைநாட்டுப் பெரிய சுரவரிசைக்கு ஒத்தவை. கமகம் இல்லை, பல்லவி, அனுபல்லவிப் பிரிவும் பெரும்பாலும் இல்லை. இதனால் சிலர் இவற்றைத் தீட்சிதரின் பெருங்கிருதிகளுக்கு அருகில் வைத்து எண்ணுவதில்லை. ஆயினும் இவற்றை வெறும் போலி என ஒதுக்குவது பொருந்தாது. அயல் மெட்டின் தாளக் கட்டைக் குலைக்காமல் குறில் நெடிலைப் பொருத்துவது எளிதன்று.

எட்டயபுரமும் பதிப்பும்

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) குடும்பத்தின் பாடல்களைக் காத்தார். அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் வெளியானது. மறு ஆண்டு வந்த 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்னும் தொடக்கப் பயிற்சி நூலில் நோட்டுசுவரங்கள் பல இடம்பெற்றன. வாய்மொழியை மட்டும் நம்பியிருந்தால் இவற்றுள் எத்தனை எஞ்சியிருக்கும் என்பது ஐயமே.

இன்று சிறுவர்களுக்கு இசை கற்பிக்க இவை பயன்படுகின்றன. இசையமைப்பாளர் கண்ணிக்ஸ் கண்ணிகேசுவரன் இவற்றின் மூல மெட்டுகளை ஆராய்ந்து, மேலைநாட்டுக் கருவிகளின் துணையுடன் ஒலிப்பதிவு செய்துள்ளார். 1835இல் எட்டயபுரத்தில் காலமான முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடம் அவ்வூரில் உள்ளது.