காற்றால் குளிரும் இயந்திரமும் எண்ணெயின் சூடும்

மோட்டார் வண்டியின் இயந்திரத்தைக் குளிர்விக்க நீரே தக்கது என்பது பெரும்பாலோர் கொண்ட முடிபு. அம்முடிபை ஏற்காது, காற்றையே துணைக்கொண்டு அரை நூற்றாண்டுக் காலம் விரைவுக் கார்களைச் செய்தவர்கள் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்தார். அப்பழைய வண்டிகளை இன்று போற்றி வைத்திருப்போர் ஓயாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தால் அது இயல்பு? இதற்கு ஓர் இலக்கத்தை மட்டும் விடையாகச் சொல்லிச் செல்லலாம். ஆனால் அவ்விலக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'காற்றால் குளிரும் இயந்திரம்' என்ற பெயர் பாதி உண்மையே. உருளைகளின் வெளிப்புறச் செதில்களைக் காற்று தழுவிச் செல்லும்; உள்ளே சுழலும் தண்டின் தாங்கிகளையோ, பிஸ்டனின் அடிப்புறத்தையோ அது தொடுவதே இல்லை. அங்குள்ள சூட்டைச் சுமந்து வெளியே கொணர்வது எண்ணெய்தான். நீர் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கை எண்ணெய் தலையில் ஏற்றிவிட்டுப் பெயரை மட்டும் காற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள்!

இம்முறை போர்ஷே ஒருவரின் கண்டுபிடிப்பு அன்று. செக்கோஸ்லாவாக்கியாவில் ஹான்ஸ் லெட்விங்கா என்பவர் 1923-லேயே டாட்ரா வண்டியில் இதனைக் கையாண்டார். பின்னர் 1930-களில் பெர்டினண்ட் போர்ஷே உருவாக்கிய 'வோல்க்ஸ்வாகன்' வண்டியில், விசிறிக் கூண்டுக்குள்ளேயே எண்ணெய்க் குளிர்விப்பான் நிமிர்த்தி வைக்கப்பட்டது. அவ்வியந்திரம் கொண்ட எண்ணெய் இரண்டரை லிட்டரே. ஆனால் குளிர்விப்பானின் பின்னால் இருந்த மூன்றாம் உருளைக்கு ஏற்கெனவே சூடேறிய காற்றே கிடைத்தது; அதன் வால்வு முந்திக் கருகும் என்பது பட்டறைக்காரர் அனைவரும் அறிந்த செய்தி. இக்குறையை நீக்கக் குளிர்விப்பானைக் கூண்டுக்கு வெளியே தள்ளி வைத்தது 1971-ஆம் ஆண்டு மாதிரியில்தான். எளிய திருத்தம், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

போர்ஷேயின் முதல் 356 வண்டி ஆஸ்திரியாவின் குமுண்ட் என்னும் சிற்றூரில் உருவாகி, 1948 ஜூன் 8-ஆம் நாள் சாலையில் ஓட உரிமம் பெற்றது. இயந்திரம் வோல்க்ஸ்வாகனுடையதே: 1131 கன சென்டிமீட்டர், 35 குதிரைச் சக்தி. 1964-ஆம் ஆண்டு மாதிரியான 356 எஸ்சி வண்டியிலோ 95 குதிரைச் சக்தி. ஆற்றல் ஏறக்குறைய மும்மடங்காயிற்று; சூட்டைச் சுமக்கும் பொறுப்பும் அவ்வாறே ஏறியது. அதனால்தான் மற்றக் கார்களில் நீரின் வெப்பமானி இருக்கும் இடத்தில் இவ்வண்டிகளில் எண்ணெயின் வெப்பமானி அமைந்தது.

1963-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் தோன்றி மறு ஆண்டு விற்பனைக்கு வந்த ஆறு உருளைகள் கொண்ட 911 இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. இயந்திரத்தின் அடியில் எண்ணெயைத் தேக்காமல், தனித் தொட்டியில் வைத்துச் சுற்றிவரச் செய்தனர். மொத்தம் சுமார் 9 லிட்டர். 1969-ஆம் ஆண்டு மாதிரியான 911 எஸ்-இல் முன்புற வலச் சக்கரத்தின் மேற்பகுதியில் இன்னொரு குளிர்விப்பான் சேர்ந்தது. எண்ணெய் ஏறக்குறைய 85 டிகிரி சென்டிகிரேடை அடைந்த பின்னரே அதற்கு வழி திறக்கும். 1971-இல் பிஸ்டனின் அடிப்புறத்தில் எண்ணெய் பீய்ச்சும் நுண்குழல்களும் வந்தன.

இனி அந்த இலக்கம். நன்கு ஓடிச் சூடேறிய வண்டியில் 80 முதல் 110 டிகிரி வரை இயல்பு. மலையேற்றத்திலும் நெரிசலிலும் 120 வரை சென்று திரும்பினால் அஞ்ச வேண்டுவதில்லை. 130-ஐத் தொட்டு அங்கேயே நிற்குமாயின் வண்டியை நிறுத்திக் காரணம் தேடவேண்டும். நூறு என்றவுடன் பலர் திடுக்கிடுவது, நீர் கொதிக்கும் நிலையைப் பள்ளியில் மனப்பாடம் செய்ததன் விளைவு. அந்தப் பழி ஆசிரியர்களாகிய நம்மைச் சாரும் போலும்! எண்ணெய்க்கு அந்த எல்லை இல்லை. எண்ணெயின் தடிப்பை அளந்து தரம் பிரிப்பதே 100 டிகிரியில்தான். முன்னாளில் அதனை 210 டிகிரி பாரன்ஹீட்டில் அளந்தனர்.

சூடு குறைவதும் கேடே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எரிதலில் பிறக்கும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலக்கின்றன. 80 டிகிரிக்குக் கீழேயே ஓடி நின்றுவிடும் வண்டியில் அவை வெளியேறா; எண்ணெயைச் சேறாக்கி, அமிலமாகி, தாங்கிகளை அரிக்கும். கண்ணாடிப் பெட்டிப் பொருளைப்போல் வண்டியைக் காத்து, ஞாயிறுதோறும் கடைத்தெரு வரை ஓட்டி வருபவர் அதற்கு நன்மை செய்யவில்லை.

மிகுசூட்டின் தீமைக்குச் சான்று 1970-களின் 2.7 லிட்டர் இயந்திரம். 1968 முதல் 911-இன் இயந்திரக் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. சூடேறும்போது மக்னீசியம் எஃகைப்போல் இருமடங்குக்கு மேல் விரியும். எனவே உருளைகளை இறுக்கும் எஃகுத் திருகுகள் கூட்டின் மரைகளைப் பிய்த்துக்கொண்டு வரத் தொடங்கின. புகைக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டிகளில் வெளியேறும் புகையை மேலும் எரிக்கும் கலன்களைப் பொருத்தி இயந்திரத்தருகே சூட்டைக் கூட்டியதும், 1976-இல் 11 இதழ் விசிறியை விடுத்து 5 இதழ் விசிறி வைத்ததும் நிலைமையை மோசமாக்கின. இதைச் சிக்கனத்தின் பிழை என்றே நான் கருதுகிறேன். 1978 மாதிரியில் கூடு அலுமினியமாயிற்று.

முன்புறக் குளிர்விப்பானுக்கும் ஒரு குறை இருந்தது: வண்டி ஓடினால்தான் அதற்குக் காற்று. வெப்ப நாட்டுச் சாலையில் விளக்குக்கு விளக்கு நின்று செல்லும்போது முள் மெல்ல ஏறி, சாலை விட்டவுடன் இறங்கும். 1980-களில் அக்குளிர்விப்பானுக்கும் ஒரு மின்விசிறி வைத்தனர். 1998-இல் காற்றால் குளிரும் கடைசி 911 ஆலையை விட்டு வெளியேறியது. அதற்கு முந்தைய ஆண்டே நீர் வந்துவிட்டது.